வானத்து ரேடியோ அலைகளைத் தேடிய குரோட் ரீபரின் முதல் இரண்டு ரிசீவர்களும் ஏன் எதையும் பிடிக்கவில்லை?

ரீபர் சிகாகோ அருகே வீட்டனில் வாழ்ந்த ரேடியோ இன்ஜினியர். 1937-இல் சொந்தக் காசில், வீட்டுக் கொல்லையில் 31.4 அடி அகலக் கிண்ண ஆன்டெனாவைக் கட்டினார்: மரச்சட்டம், மேலே தகடு. அது மேலும் கீழும் மட்டுமே சாயும்; கிழக்கு மேற்காக வானத்தை நகர்த்திக் காட்டும் வேலையைப் பூமியின் சுழற்சியே பார்த்துக்கொள்ளும்.

வானத்து ரேடியோ அலை சூட்டினால் வருவது என்றால், அதிர்வெண் கூடக்கூட சிக்னல் வலுக்க வேண்டும். அப்படி நம்பித்தான் 3,300 மெகாஹெர்ட்சில் தொடங்கினார். ஒன்றுமில்லை. 900-இலும் இல்லை. 160-க்கு இறங்கியதும் பால்வீதி சிக்கியது. காந்தப்புலத்தில் சுழன்றோடும் எலக்ட்ரான்கள் விடும் அலை அது. அதிர்வெண் குறையக் குறைய வலுக்கும். இந்த விளக்கம் பிற்பாடுதான் கிடைத்தது. மூன்றாவது ரிசீவரையும் செய்து பார்த்த அந்தப் பிடிவாதம்தான் அவருடைய பெருமை.

பகலில் கார்களின் ஸ்பார்க் பிளக் இரைச்சல் ரெக்கார்டர் தாளில் முள்முள்ளாக விழும். அதனால் இரவில்தான் சுத்தமான பதிவு. 1944-இல் வெளியிட்ட வானத்து ரேடியோ வரைபடத்தில் சிக்னஸ், காசியோப்பியா விண்மீன் கூட்டங்களின் பக்கம் சிக்னல் வலுத்த மேடுகள் தெளிவாகத் தெரிகின்றன. இத்தனைக்கும் யாரும் சம்பளம் தரவில்லை.

2002-இல் டாஸ்மேனியாவில் காலமானார். அந்தக் கிண்ணம் இப்போது மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்கில் நிற்கிறது.