திரையில் புள்ளி நகரும்முன் நோட்டில் விடை இருக்கட்டும்

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். ஒரு மடிக்கணினி, ஒரு புரொஜெக்டர், 42 மாணவர்கள். வட்டத் தேற்றங்களை ஜியோஜீப்ரா என்ற வடிவியல் மென்பொருளில் காட்டினால் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். மறுநாள் கேட்டால் ஒருவருக்கும் நினைவில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: மென்பொருளில் குறை இல்லை. வகுப்பில் யோசிக்கும் வேலை முழுவதும் உங்களிடமே நின்றுவிடுகிறது. புள்ளியை இழுப்பதும் கோணம் மாறவில்லை என்று சொல்வதும் நீங்கள்தான். மாணவர்களுக்குப் பார்ப்பதைத் தவிர வேலை இல்லை.

மையக் கோணத் தேற்றத்தையே எடுத்துக்கொள்வோம்: ஒரு வில் மையத்தில் தாங்கும் கோணம், அதே வில் பரிதியில் தாங்கும் கோணத்தின் இருமடங்கு. O மையமாக ஒரு வட்டம், பரிதியில் A, B, P என மூன்று புள்ளிகள். கோணம் AOB 100° என்று திரையில் தெரியட்டும். APB-யின் அளவை மறைத்து வையுங்கள். 'P-யை வட்டத்தில் நகர்த்தினால் அந்தக் கோணம் கூடுமா, குறையுமா, மாறாதா?' என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் நோட்டில் எழுதி, காரணம் ஒரு வரியாவது சேர்த்த பிறகுதான் சுட்டியைத் தொட வேண்டும். பலர் 'கூடும்' என்று எழுதுவார்கள். அந்தத் தவறு மிக நல்லது. தன் கணிப்பு பொய்த்ததைக் கண்ட பிள்ளை 'ஏன்?' என்று தானே கேட்கும்.

பெரிய வில்லில் P எங்கே போனாலும் 50° தான். அடுத்து P-யைச் சிறிய வில்லுக்குக் கொண்டுபோங்கள். கோணம் 130° ஆகத் தாவும். இதையும் முன்பே கணிக்கச் சொல்லுங்கள். AOB-யின் பின்வளை கோணம் (மையத்தைச் சுற்றிய மீதிக் கோணம்) 360° − 100° = 260°, அதில் பாதி 130° என்பதை யாராவது ஒருவர் கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருங்கள். நீங்கள் சொல்லிவிட வேண்டாம். இங்கே ஓர் எச்சரிக்கை: ஜியோஜீப்ரா கோணத்தைக் கடிகாரச் சுற்றுக்கு எதிர்த்திசையில் அளக்கும். அதனால் 130°-க்குப் பதில் 230° என்று காட்டி வகுப்பைக் குழப்பக்கூடும். கோணத்தின் பண்புகளில் 0° முதல் 180° வரை என்று முன்கூட்டியே மாற்றிவையுங்கள்.

இன்னொரு இடம் எனக்கு மிகவும் பிடித்தது. மையக் கோணத்தை 101.25° ஆக வையுங்கள். அதன் பாதி 50.625°. இரண்டு தசம இடங்களுக்குக் காட்டும் அமைப்பில் திரை 50.63° என்கிறது. இரண்டால் பெருக்கினால் 101.26°. 'தேற்றம் பொய்யா, திரை பொய்யா?' என்று கேட்டுவிட்டுத் திரையை அணையுங்கள். திரையில் எத்தனை முறை அளந்தாலும் அது நிரூபணம் ஆகாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை. இனி கரும்பலகை. P-யிலிருந்து O வழியாக ஒரு கோட்டை நீட்டுங்கள். OA, OP, OB மூன்றும் ஆரங்கள். ஆகவே இரண்டு இருசமபக்க முக்கோணங்கள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றின் வெளிக்கோணமும் உள்ளெதிர்க் கோணங்களின் கூடுதல் என்பதால் இருமடங்கு வந்துவிடும்.

கவராயத்தையும் கோணமானியையும் மட்டும் ஓரங்கட்டிவிடாதீர்கள். தேர்வில் கையால்தான் வரைய வேண்டும். மறுநாள் வகுப்பின் முதல் பத்து நிமிடம் கணினி இல்லாமல் அதே படத்தை நோட்டில் வரைந்து அளக்கச் சொல்லுங்கள். நினைவில் தங்காத குறைக்கு இதுவே நேரடி மருந்து.

பாடநூலில் 'இணையச் செயல்பாடு' பகுதியில் ஆயத்தக் கோப்புகள் இருக்கின்றன. நேரம் இல்லாத நாளில் அவை போதும். ஆனால் வெற்றுத் திரையிலிருந்து மாணவர்களே படத்தைக் கட்டுவது வேறு தரம். கண்ணளவில் போட்ட செங்கோணம், ஒரு புள்ளியை இழுத்ததும் சிதைந்துபோகும். செங்குத்துக்கோட்டுக் கருவியால் வரைந்தது சிதையாது. வரைவதற்கும் அமைப்பதற்கும் உள்ள வேறுபாடு அப்போது கையிலேயே புரியும்.

42 பேருக்கு ஒரு மடிக்கணினி என்பது தடை அல்ல. மென்பொருள் இலவசம்; நிறுவிக்கொண்டால் இணையமும் வேண்டாம். சுட்டியை ஒரு மாணவியிடம் கொடுங்கள். எங்கே இழுக்க வேண்டும் என்பதை வகுப்பு சொல்லட்டும். நீங்கள் கடைசி பெஞ்சுக்குப் போய், அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் நோட்டைப் பாருங்கள்.