மரப்பட்டைக் காகிதங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஜப்பானின் வாஷி காகிதம் அவ்வளவு மெல்லிசு. ஆனாலும் சுலபத்தில் கிழிவதில்லையே, எப்படி?

பதில்: நாரின் நீளம்தான் காரணம். வாஷி செய்ய உதவும் கோசோ (காகித மல்பெரி) செடியின் உள்பட்டை நார் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இருக்கும். சாதாரண மரக்கூழ் நார் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். குளிர்காலத்தில் கிளைகளை வெட்டி, ஆவியில் வேகவைத்துப் பட்டையை உரிப்பார்கள். காரநீரில் கொதிக்கவைத்து அலசியபின் நாரைத் தட்டித் தட்டிப் பிரிப்பார்கள். அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம்: வெண்டை இனத்தைச் சேர்ந்த தொரோரோ-அவோய் செடியின் வேர்க் கொழகொழப்பை, நார் மிதக்கும் தண்ணீர்த் தொட்டியில் கலப்பார்கள். பலர் நினைப்பதுபோல் அது ஒட்டுவதற்கு அல்ல. நார்கள் திரளாமல் மிதக்கும், தண்ணீரும் மெதுவாக வடியும். அந்த அவகாசத்தில் நார்நீரை அள்ளிய சல்லடைச் சட்டத்தை ஆட்ட ஆட்ட நார்கள் பின்னிக்கொள்ளும். இப்படிப்பட்ட காகிதம் நெடுநாள் நிற்கும்: 702 ஆம் ஆண்டின் குடும்பப் பதிவேடுகள் நாரா நகரின் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் இருக்கின்றன.

கேள்வி: ஐயா, தாத்தாவின் பாட்டுப் புத்தகம் கிழிந்துவிட்டது. செலோடேப் ஒட்டலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். டேப்பின் பசை நாளடைவில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். மெல்லிய கோசோ தாளில் ஈரத் தூரிகையால் கோடிழுத்துக் கையால் ஒரு துண்டைப் பிய்த்தெடுங்கள். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நார்தான் பிடிமானம். கத்தரிக்கோல் அதைக் கெடுத்துவிடும். அச்சு மை கரைகிறதா என்று ஒரு மூலையில் பார்த்துவிட்டு, கோதுமை மாவுச்சத்துப் பசையை லேசாகத் தடவி ஒட்டி, ஒற்றுத்தாள் வைத்துப் பாரம் ஏற்றுங்கள். பின்னாளில் பிரிக்க வேண்டுமானால் ஈரம் காட்டினாலே கழன்றுவரும். பூச்சிக்குப் பயந்து பசையில் மயில்துத்தம் சேர்க்காதீர்கள். அதிலுள்ள தாமிரம் காகிதத்தை நொறுங்க வைக்கும்.

கேள்வி: ஓலைச்சுவடிக்கும் இது ஆகுமா?

பதில்: ஆகும். விரிசல் விட்ட ஓலைகளை இந்தத் தாளால் செப்பனிடுவதுண்டு. ஆனால் நீங்களாகச் செய்யாமல் சுவடிப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி: நேபாள லோக்தா காகிதம் வாங்கினால் காடு அழியாதா?

பதில்: லோக்தா ஒரு புதர். இமயமலையில் சுமார் 1,600 முதல் 4,000 மீட்டர் உயரத்தில் வளர்கிறது. வேரை விட்டுத் தண்டை மட்டும் வெட்டினால் 4 முதல் 6 ஆண்டுகளில் திரும்பத் தழைக்கும். வேரோடு பிடுங்குவதுதான் கேடு.

கேள்வி: ஃபவுண்டன் பேனாவால் எழுத எது நல்லது அண்ணா?

பதில்: காம்பி என்ற ஜப்பானியப் புதரின் நாரில் செய்த தாள். வழவழப்பாக இருக்கும், மை அதிகம் பரவாது.

கேள்வி: யென் நோட்டும் இப்படிப்பட்ட நாரில்தானா?

பதில்: ஆமாம், மிட்சுமாட்டா என்ற புதரின் பட்டை நார் அதில் சேர்கிறது. இப்போது அந்தப் பட்டையை நேபாள மலைக்கிராமத்து விவசாயிகள் வளர்த்து ஜப்பானுக்கு அனுப்புகிறார்கள்.