முதலில் கார், பிறகு லைசன்ஸ்

தம்பி, நேற்று வெள்ளவத்தை மார்க்கெட்டில் உங்கள் அம்மாவைக் கண்டேன். முருங்கைக்காய் பொறுக்குவதை நிறுத்திவிட்டு, "அவன் நியூ ஜெர்சியில இருந்து டெக்சஸுக்கு மாறுறானாம். திரும்ப லைசன்ஸ் எடுக்கவேணுமாம், கார் நம்பரும் மாத்தவேணுமாம். ஒரே நாடுதானே, இதென்ன கூத்து?" என்று கேட்டார். நீங்கள் அனுப்பிய கேள்வியையும் போனில் காட்டினார்: எது முதல், எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும்? நானும் நியூ ஜெர்சியின் எடிசனில் இருந்து டெக்சஸின் ஹூஸ்டனுக்கு மாறியவன்தான். லீவு முடிய இன்னும் பத்து நாள் இருப்பதால் ஆறுதலாக எழுதுகிறேன்.

அம்மா கேட்டதில் பிழையில்லை. இங்கே கொழும்புக்குப் பக்கத்தில் வெரஹெரவில் எடுத்த லைசன்ஸ் பருத்தித்துறையிலும் செல்லும். வட மாகாணத்துக்கான என்.பி. எழுத்துள்ள யாழ்ப்பாணத்துக் கார் கொழும்பில் ஓடினால் யாரும் மறித்துக் கேட்பதில்லை. அமெரிக்காவில் இந்த இரண்டும் மாநிலத்தின் கையில். மாநிலம் மாறிக் குடியேறினால் இரண்டையும் மாற்றத்தான் வேண்டும்.

டெக்சஸில் காருக்கு 30 நாள், லைசன்ஸுக்கு 90 நாள். எங்கள் ஆட்கள் பழக்கதோஷத்தில் முதலில் லைசன்ஸ் எடுக்கப் போய் நிற்பார்கள். ஆனால் சொந்தக் கார் வைத்திருக்கும் புதியவரிடம் அங்கே முதலில் கேட்பதே, கார் டெக்சஸில் பதிவாகியிருக்கிறது என்ற அத்தாட்சியைத்தான். ஆகவே காரில் தொடங்குங்கள்.

காருக்கும் முன்னால் இன்சூரன்ஸ். டெக்சஸ் முகவரிக்கு பாலிசி எடுங்கள். சட்டப்படி ஆகக்குறைந்தது ஒருவரின் காயத்துக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000, சொத்துச் சேதத்துக்கு 25,000. அந்த ஆகக்குறைந்ததோடு நின்றுவிடாதீர்கள். ஹூஸ்டன் ஹைவேயில் முன்னால் போகிற பிக்கப்பின் விலையைப் பார்த்தாலே 25,000 எந்த மூலைக்கு என்று விளங்கும். அடுத்தது புகைப் பரிசோதனை. சாதாரணக் கார்களுக்கு பிரேக், லைட் பார்க்கும் பரிசோதனையை 2025 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் எங்கள் மாவட்டம் மாதிரி) புகைப் பரிசோதனை மட்டும் இன்னும் இருக்கிறது. அதை முடித்துக்கொண்டு கவுண்டி வரி அலுவலகத்துக்குப் போங்கள். ஓம், கார் பதிவு வரிக் கந்தோரில்தான். காரின் டைட்டில் என்ற உரிமைப் பத்திரம், 130-யு என்ற விண்ணப்பம், அடையாள அட்டை, இன்சூரன்ஸ் எல்லாம் தேவை. உங்கள் பெயரில் ஏற்கனவே வேறு மாநிலத்தில் பதிந்திருந்த கார் என்பதால் விற்பனை வரி திரும்பக் கேட்கமாட்டார்கள். குடியேறியவருக்கான வரி 90 டாலர், அதோடு பதிவுக் கட்டணங்கள். கார் லோனில் இருந்து, டைட்டில் கடன் கொடுத்தவரிடம் இருந்தால் பயப்படத் தேவையில்லை, பதிவுக்கு மட்டும் என்று விண்ணப்பிக்கலாம். முன் கண்ணாடியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் தருவார்கள், இங்கே நாங்கள் வருமான அனுமதிப்பத்திரத்தை ஒட்டுகிற மாதிரி.

பழைய நியூ ஜெர்சி நம்பர் தகடுகளை நினைவுக்கு என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அவற்றை நியூ ஜெர்சிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், தபாலிலும் அனுப்பலாம். அனுப்பும் வரைக்கும் அங்கத்தைய இன்சூரன்ஸை நிறுத்தக்கூடாது. நான் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று இன்சூரன்ஸை முந்தி நிறுத்தி, தகடுகளை கராஜில் போட்டு வைத்தேன். தகடு அவர்கள் கணக்கில் இருக்கும்வரை இன்சூரன்ஸ் இல்லாத கார்தான். அதை விளங்கப்படுத்தி முடிக்க எத்தனை கடிதம், எத்தனை போன்!

லைசன்ஸ் பெரிய வேலையில்லை. நியூ ஜெர்சி லைசன்ஸ் காலாவதியாகாமல் இருந்தால் அதைக் கொடுத்துவிட வேண்டியதுதான், எழுத்துப் பரீட்சையும் ஓட்டிக் காட்டுவதும் இல்லை. கண் பரிசோதனை, படம், பெருவிரல் ரேகை, 33 டாலர். ஆனால் நேரம் ஒதுக்கி எடுப்பதுதான் இழுபடும், ஆகவே வீடு முடிவான அன்றே இணையத்தில் பதிந்துவிடுங்கள். வதிவிடத்தைக் காட்ட வீட்டு ஒப்பந்தம், கரண்ட் பில் என்று இரண்டு பத்திரம் வேண்டும். பிரஜைகளுக்கு எட்டு வருஷம் கொடுப்பார்கள். விசாவில் இருக்கும் உங்களுக்கு, தங்க அனுமதி முடியும் திகதியோடு லைசன்ஸும் முடியும்.

என்னைத் திருப்பி அனுப்பியது பெயர்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், என் பெயர், தாத்தா பெயர் என்று மூன்று. சோஷல் செக்யூரிட்டி என்ற அரசாங்க இலக்க அட்டையில் இரண்டு. பழைய லைசன்ஸில் ஒன்று பாதியில் அறுந்துபோய் இருந்தது. எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்தச் சிக்கல் இருக்கும். இன்றைக்கே பாஸ்போர்ட், அமெரிக்காவுக்குள் வந்த பதிவான ஐ-94, சோஷல் செக்யூரிட்டி அட்டை மூன்றையும் மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் நியூ ஜெர்சியை விட்டு வெளிக்கிட முதல் திருத்துங்கள்.

உங்கள் அம்மா இரண்டு கிலோ மிளகாய்த்தூள் தந்துவிட்டிருக்கிறார், என் சூட்கேஸில் இருக்கிறது. எடுக்க வரும்போது கார்ப் பத்திரங்களையும் கொண்டு வாருங்கள், 130-யு-வை இருந்து நிரப்புவோம்.