மூன்று வருட மெஷினா, ஐந்து வருட மெஷினா?

கேள்வி: ஒரு மெஷின் விலை 10,000. மூன்று வருடம் உழைக்கும், ஆண்டுக்கு 2,000 ஓட்டுச் செலவு. இன்னொன்று 15,000. ஐந்து வருடம் உழைக்கும், செலவு ஆண்டுக்கு 1,700. வேலை இரண்டிலும் ஒன்றுதான். 10 சதவீத வட்டியில் தற்போதைய மதிப்பு (வரப்போகும் செலவுகளையும் வட்டி கழித்து இன்றைய பணமாக்கிக் கூட்டியது) போட்டால் முதலாவதுக்கு 14,974, இரண்டாவதுக்கு 21,444 வருகிறது. முதலாவதையே வாங்கிவிடலாமா சார்?

பதில்: அவசரப்படாதீர்கள். 14,974-க்குக் கிடைப்பது மூன்று வருட வேலை, 21,444-க்குக் கிடைப்பது ஐந்து வருட வேலை. நீளம் வேறான இரண்டு துணிகளை மொத்த விலையை வைத்தா ஒப்பிடுவோம்? மீட்டர் என்ன விலை என்றுதானே கேட்போம். இங்கே வருடம்தான் மீட்டர்.

தற்போதைய மதிப்பை ஆண்டுத்தொகைக் காரணியால், அதாவது ஒவ்வொரு வருடக் கடைசியிலும் வரும் ஒரு ரூபாயின் மொத்த இன்றைய மதிப்பால், வகுங்கள். 10 சதவீதத்தில் மூன்று வருடத்துக்கு அது 2.4869, ஐந்து வருடத்துக்கு 3.7908. முதல் மெஷினுக்கு ஆண்டுக்கு 6,021, இரண்டாவதுக்கு 5,657. விலை கூடிய மெஷின்தான் ஆண்டுக்கு 364 மிச்சம் தருகிறது.

பலர் 14,974-ஐ நேராக மூன்றால் வகுத்து 4,991 என்று எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொரு வருடக் கடைசியிலும் 4,991 எடுத்துவைத்தால் அதன் இன்றைய மதிப்பு 12,412 மட்டுமே. மீதி 2,562 எங்கே போயிற்று? வட்டியை மறந்ததில் போயிற்று.

கேள்வி: எங்கள் கணக்காளர் பொது மடங்கு எடுத்து 15 வருடத்துக்குப் போடச் சொல்கிறார்.

பதில்: போடுங்கள், தவறில்லை. முதல் மெஷினை ஐந்து முறையும் இரண்டாவதை மூன்று முறையும் வாங்கினால் இன்றைய மதிப்பில் மொத்தம் 45,797, 43,027 என்று வரும். வெல்வது அதே மெஷின்தான். ஆயுள் 7, 11 என்று இருந்தால்தான் 77 வருடத்துக்கு அட்டவணை போட்டுத் தவிப்பீர்கள்.

கேள்வி: எங்களிடம் இருக்கும் ஆர்டரே மூன்று வருடத்துக்குத்தான். அப்போதும் இதே கணக்கா?

பதில்: இல்லை. இதுவரை சொன்னதெல்லாம், மெஷின் தேய்ந்ததும் அதே மாதிரி ஒன்றை அதே செலவில் மறுபடி வாங்குவீர்கள் என்ற அனுமானத்தில் நிற்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதுதான் சிக்கல். உங்கள் நிலையில் இரண்டையும் மூன்று வருடத்துக்கு மட்டும் பாருங்கள். பெரிய மெஷினுக்கு, அதாவது 15,000 மெஷினுக்கு, அந்த மூன்று வருடத்தில் இன்றைய மதிப்பில் 19,228 ஆகிறது, சின்னதைவிட 4,254 கூடுதல். மூன்றாம் வருடக் கடைசியில் அதை 5,662-க்கு மேல் விற்க முடியும் என்றால் பெரியதையே வாங்கலாம். முடியாதென்றால் சின்னது போதும். ஆக, பழைய மெஷின் வாங்குபவர்களிடம் இப்போதே விசாரித்து வையுங்கள்.

இன்னும் நல்ல மாடல் சீக்கிரம் வரும் என்று நினைக்கிறவர்களும் அந்த அனுமானத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: வட்டி விகிதம் மாறினால் முடிவு மாறுமா?

பதில்: மாறும். மேலே சொன்ன மெஷின்களையே 20 சதவீதத்தில் போட்டால் ஆண்டுக்கு 6,747, 6,716 என்று கிட்டத்தட்ட சமம். 25 சதவீதத்தில் சின்ன மெஷின் முந்திவிடுகிறது. பணம் விலையேறியதாக இருக்கும்போது மொத்தமாக முடக்குவது வலிக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: எக்செல்லில் எனக்கு வேறு விடை வருகிறது.

பதில்: வாங்கும் விலையை என்பிவி (NPV, தற்போதைய மதிப்பு போடும்) ஃபார்முலாவுக்குள் போட்டிருப்பீர்கள். அது முதல் தொகையையே ஒரு வருடம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். உங்கள் 10,000 அங்கே 9,091 ஆகிவிடும். விலையை ஃபார்முலாவுக்கு வெளியே கூட்டுங்கள். இந்தத் தவறு இல்லாத கோப்பை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

கேள்வி: பழைய மெஷின் இன்னும் ஓடுகிறது. எப்போது மாற்றுவது?

பதில்: இன்னும் ஒரு வருடம் வைத்திருக்க என்ன ஆகும் என்று பாருங்கள். இன்று விற்றால் 3,000, அடுத்த வருடம் 1,200, இடையில் ஓட்டுச் செலவு 4,100 என்று வைத்துக்கொள்வோம். இன்றைய 3,000 வட்டியோடு 3,300. அதில் 1,200 கழித்து 4,100 கூட்டினால் 6,200. புதியதுக்கு ஆண்டுக்கு 5,657தான், எனவே மாற்றுங்கள். அன்றைக்குப் பழையதை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது இந்தக் கணக்கில் வரவே வராது.