நாடாவின் இரைச்சலும் பாட்டுதான்

கேள்வி: ஒலிவியா ட்ரெமர் கண்ட்ரோல் என்ற அமெரிக்கக் குழுவின் 1996-ஆம் ஆண்டு ஆல்பம் ஒன்றை நண்பர் கொடுத்தார். சில பாட்டுகள் தேனாக இனிக்கின்றன. ஆனால் நடுவில் ஒரு இடத்தில் பத்து நிமிடம்போல வெறும் முனகலும் இரைச்சலும்தான். வீட்டில் பதிவு செய்ததால் இப்படி ஆகிவிட்டதா? அதைத் தள்ளிவிட்டுக் கேட்கலாமா?

பதில்: தயவுசெய்து தள்ளாதீர்கள். உங்களிடம் இருப்பது ‘டஸ்க் அட் க்யூபிஸ்ட் காஸில்’. அதன் முழுத் தலைப்பிலேயே ‘எடுக்கப்படாத திரைக்கதைக்கான இசை’ என்று இருக்கும். ஒலிவியா, ஜாக்குலின் என்று இரண்டு பெண்கள், ஒரு பெரிய பூகம்பம், இவ்வளவுதான் அந்தக் கற்பனைப் படத்தின் கதை. மொத்தம் 27 துண்டுகள். அவற்றில் ‘க்ரீன் டைப்ரைட்டர்ஸ்’ என்ற ஒரே பெயரில் பத்துத் துண்டுகள் வரிசையாக வரும். நீங்கள் சொல்லும் முனகல் அந்த வரிசைக்குள்தான் இருக்கிறது.

லூசியானா மாநிலத்தின் ரஸ்டன் என்ற சிற்றூரில் ஒன்றாக வளர்ந்த நண்பர்கள் இவர்கள். வில் கல்லன் ஹார்ட், பில் டாஸ் இருவரும் குழுவின் இரண்டு தூண்கள். தொடக்கத்தில் கூட இருந்த ஜெஃப் மேங்கம் பிறகு ‘நியூட்ரல் மில்க் ஹோட்டல்’ என்ற பெயரில் தனி வழி போனார். தயாரிப்பில் கைகொடுத்த ராபர்ட் ஷ்னைடரும் அதே ஊர்க்காரர்தான். ‘எலிஃபண்ட் 6’ என்பது இந்தக் கூட்டத்தின் பொதுப்பெயர். ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் குடியேறி, கேசட்டில் ஓடும் நாலு ட்ராக் இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் சேர்த்ததுதான் இந்த ஆல்பத்தின் பெரும்பகுதி.

அந்த இயந்திரத்தைத் தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். சாதாரண கேசட்டின் நாடாவிலும் நாலு தடங்கள் உண்டு. ஒரு பக்கத்துக்கு இரண்டு, திருப்பிப் போட்டால் இரண்டு. நாலு ட்ராக் இயந்திரம் அந்த நாலையும் ஒரே திசையில் எழுதும். ட்ரம்ஸ், பேஸ், கிடார் மூன்றையும் பதிவு செய்ததும் மூன்று தடம் தீர்ந்துபோகும். பாட, வயலின் சேர்க்க, கிளாரினெட் சேர்க்க இடம் எங்கே? மூன்றையும் கலந்து நாலாவது தடத்தில் இறக்கிவிட்டு, பழைய மூன்றையும் அழித்து அவற்றின் மேல் புதிதாக எழுத வேண்டும். கலந்தது கலந்ததுதான். ட்ரம்ஸ் கொஞ்சம் சத்தமாகிவிட்டது என்று பிறகு தோன்றினால் ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு முறை இறக்கும்போதும் நாடாவின் ‘ஸ்ஸ்ஸ்’ கூடும், ஒலியின் கூர்மை கொஞ்சம் மழுங்கும். அதனால் முதலில் வாசித்தது பனிமூட்டத்துக்குப் பின்னால் போய்விடும், கடைசியில் பாடிய குரல் காதருகே வந்து நிற்கும். விலை உயர்ந்த ஸ்டூடியோவில் எக்கோ போட்டு வரவழைக்கும் ஆழம் இங்கே தேய்மானத்தாலேயே வருகிறது. ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள், ‘ஜம்ப்பிங் ஃபென்சஸ்’ போன்ற துள்ளலான பாட்டில்கூட ஓரங்கள் மங்கலாகத்தான் இருக்கும்.

சரி, அந்தப் பத்து நிமிடம்? 1966, 67-இல் பாப் பாட்டுகளுக்கு நடுவே தலைகீழாக ஓடும் நாடாவும் விநோத ஒலிகளும் நுழைந்தன. பல குழுக்கள் அதை அலங்காரமாக ஒட்டிக்கொண்டன. இவர்கள் பாட்டுக்குக் கொடுத்த அதே நேரத்தை ஒலிக்கும் கொடுத்தார்கள். நீண்ட முனகல் முடிந்து ராகம் திரும்பும்போது காது கழுவி விட்டதுபோல் இருக்கும். இரைச்சலைத் தாண்டிக் குதித்துப் போனால் அடுத்த பாட்டு வெறும் இன்னொரு பாட்டாக ஆகிவிடும். எனக்கு இந்த ஆல்பத்தில் மிகவும் பிடித்த இடமே அந்தத் திருப்பம்தான்.

கேள்வி: இதோடு இன்னொரு வட்டும் உண்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. தொடக்கத்தில் வந்த சில பிரதிகளோடு ‘எக்ஸ்ப்ளனேஷன் II’ என்ற வட்டும் கிடைத்தது. பாட்டே இல்லாத, மெதுவாக நகரும் இசை. இரண்டு சிடி ப்ளேயர்களை எதிரெதிர் மூலையில் வைத்து ஒன்றாக ஓடவிட்டு நடுவில் உட்காருங்கள். நொடி பிசகாமல் பொருத்த மெனக்கெட வேண்டாம். ஒரு நொடி முன்பின்னாகத் தொடங்கினாலும் வேறு ஒரு கலவை கிடைக்கும், இதன் சுகமே அதுதான். முதலில் தனித்தனியாகக் கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: குழு இப்போதும் இருக்கிறதா? அடுத்து எதைக் கேட்பது?

பதில்: பில் டாஸ் 2012-இல் இறந்தார். வில் கல்லன் ஹார்ட் 2024 நவம்பர் 29 அன்று காலமானார். அன்றுதான் குழுவின் இரண்டு புதிய பாட்டுகளும் வெளிவந்தன. அடுத்து 1999-இல் வந்த ‘பிளாக் ஃபோலியேஜ்’ கேளுங்கள். ஒரே சிறு ராகத்துணுக்கை வெட்டி, நீட்டி, சிதைத்து ஆல்பம் முழுக்கத் தூவியிருப்பார்கள். ரசிகர்களிடம் அவர்களுடைய கனவுகளைக் கேட்டு வாங்கி அதில் சேர்த்தார்கள். முதல் ஆல்பத்தைவிட அடர்த்தி அதிகம், பொறுமையும் அதிகம் வேண்டும்.

கேள்வி: என்னிடம் பழைய நாலு ட்ராக் கேசட் இயந்திரம் ஒன்று இருக்கிறது. பின்னோக்கி ஓடும் கிடார் ஒலியை எப்படி எடுப்பது?

பதில்: கேசட்டைத் திருப்பிப் போட்டு வாசியுங்கள், பிறகு மறுபடி நேராகத் திருப்புங்கள், அவ்வளவுதான். தட்டியதும் எழுந்து மெல்ல அடங்கும் கிடார் ஒலி, இப்போது ஒன்றுமில்லாததிலிருந்து வீங்கி வந்து சட்டென்று அறுந்துபோகும். திருப்பிய நிலையில் உங்கள் பாட்டும் கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கி ஓடும் என்பதால், கிடாரில் பிடிக்க வேண்டிய சுரக்கூட்டுகளை (chords) தலைகீழ் வரிசையில் எழுதி எதிரே வைத்துக்கொள்ளுங்கள். தடங்களும் இடம் மாறிவிடும்: 1 இருந்த இடத்தில் 4, 2 இருந்த இடத்தில் 3. உங்கள் குரல் முதல் தடத்தில் இருந்தால், திருப்பியதும் நாலாவதைத் தொடாதீர்கள். தொட்டால் பாடியது அழிந்துவிடும்.