பால் ஜாயிண்ட் மட்டும் மாற்றினால் போதாது

உங்கள் வண்டியில் 35,000 கிலோமீட்டருக்குள் கீழ் பால் ஜாயிண்ட் (சக்கரப் பகுதியை சஸ்பென்ஷன் ஆர்மோடு இணைக்கும் குண்டு மூட்டு) இரண்டு முறையும் டை ராடு எண்ட் (ஸ்டியரிங் தண்டின் முனை மூட்டு) ஒரு முறையும் போய்விட்டது, இன்னும் 'டக் டக்' சத்தம் வருகிறது என்கிறீர்கள். கூடவே ஒரு விஷயத்தைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள்: அகல டயர், வெளியே தள்ளிய அலாய் வீல், டார்ஷன் பாரை (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) முறுக்கி முன்பக்கத்தை உயர்த்தியது. எனக்குச் சந்தேகமே அங்கேதான்.

வீல் வெளியே தள்ளினால் ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நீளமான நெம்புகோலாக பால் ஜாயிண்டையும் பேரிங்கையும் ஸ்டியரிங்கையும் தாக்கும். வண்டியை உயர்த்தினால் ஜாயிண்ட் எப்போதும் சாய்ந்த கோணத்திலேயே வேலை செய்யும். என் பழைய பிக்கப்பில் நானும் அழகுக்காக இதைச் செய்து, வருஷம் ஒரு ஜாயிண்ட் வாங்கினேன்.

முதலில் சோதித்துப் பாருங்கள். சக்கரம் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடவலமாக லேசாக ஆட்டட்டும். நீங்கள் கீழே பார்த்தால் எந்த டை ராடு எண்ட் ஆடுகிறது என்று தெரியும். பிறகு கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்புங்கள்; பால் ஜாயிண்டில் ஆட்டம் இருந்தால் தெரியும். ஆர்மின் புஷ்ஷையும் (ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர்) பார்க்காமல் விட்டுவிடாதீர்கள், சத்தம் பல நேரம் அங்கிருந்துதான் வரும்.

ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்திருந்தால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும். எவ்வளவு நல்ல ஜாயிண்டும் தாங்காது. மாற்றும்போது நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் சிறு முனை) உள்ளதாக வாங்கி, சர்வீஸ்தோறும் கிரீஸ் அடியுங்கள்.

உயரத்தைப் பழைய அளவுக்கு இறக்கிய பிறகே வீல் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) செய்யுங்கள். அப்புறம், பாரம் ஏற்றும் அளவு எவ்வளவு என்றும் எழுதுங்கள்.