வேன் வாடகைக்கு எடுக்குமுன்

கேள்வி: என்னையும் சேர்த்துக் குடும்பத்தினர் ஒன்பது பேர் லண்டன் செல்கிறோம். தமிழ்நாட்டு உரிமத்தைக் கொண்டு அங்கே வேன் ஓட்டலாமா? ஊரில் நண்பரின் சொந்த வேனை வாடகைக்கு எடுத்து ஓட்டிய பழக்கம் உண்டு.

பதில்: சுற்றுலாவாகச் செல்பவர் இந்திய உரிமத்தைக் கொண்டே 12 மாதங்கள் வரை, ஓட்டுநர் நீங்கலாக 8 இருக்கைகளுக்கு மிகாத, 3.5 டன்னுக்கு உட்பட்ட வேனை பிரிட்டனில் ஓட்டலாம் என்பதால், ஒன்பது பேரும் ஒரே வண்டியில் செல்ல இயலும். அங்கும் சாலையின் இடப்புறமே செல்வது பெரிய நிம்மதி. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் பெற்றுக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர்ப் பழக்கமே எனக்குக் கவலை தருகிறது. வெள்ளை எண் பலகை கொண்ட சொந்த வேனை வாடகைக்கு விடுவது விதிமீறல் என்பதோடு, விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் கூடும். ஆகவே, நாமே ஓட்டிச் செல்ல வாடகைக்கு விட அனுமதி பெற்ற, கறுப்பு எண் பலகையில் மஞ்சள் எழுத்துள்ள வண்டியையே எடுங்கள்.